சீனத்துக் குளிசையும் எங்கள் ராத்தாவும்

அல்லாஹ்விடமிருந்து வந்தோம், அவனிடமே மீள்கிறோம். இடையில் கிடைத்த நாட்களில் எங்கள் குடும்பம் மனம் ஊன்றிச் செய்த வேலை சாப்பாடுதான் என்பதை, ராத்தாவின் முதலாம் ஆண்டு நினைவுக் கத்தத்துக்கு வந்திருக்கும் நீங்கள் அறிவீர்கள். என் தொப்பை அதற்குச் சாட்சி.

ராத்தா மருதமுனையில், தறிச் சத்தம் ஓயாத வீட்டில் எங்கள் எல்லோருக்கும் மூத்த சகோதரியாகப் பிறந்தார். உம்மா வபாத்தான பின் எங்களுக்குச் சோறு போட்ட கை அவருடையது. நூல் சுற்றினார், நெல் அவித்தார், தம்பிமாரைப் படிக்க அனுப்பினார். நான் மட்டும் பாதி வழியில் திரும்பி வந்தேன். கறி மணந்தால் எனக்குப் பாடம் ஏறாது. எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன வாரம், தெருவுக்கே கஞ்சி காய்ச்சினார். எல்லோரும் குடித்தோம். சட்டியைக் கழுவியவர் ராத்தா.

அவருக்கு வயிற்றெரிச்சல் எப்போது தொடங்கியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ‘வாய்வு’ என்று பெயர் வைத்துவிட்டு விட்டுவிட்டோம். பெயர் வைக்கச் செலவில்லை.

ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், ஈராக்கில் வீதி வேலை செய்துவிட்டு வந்தபோது, மிளகு போல் கறுத்த சீனத்துக் குளிசைகளைப் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்தார்.

“அந்தச் சீனக் குசினிக்காரன் கோப்பையக் காட்டினான், கன்னத்த உப்பினான், என்ட வகுத்துல ரெண்டு தட்டுத் தட்டினான். முழுங்கினன். ஒரு ஏப்பம், அவ்வளவுதான், சுகம்!” என்றார்.

தோடம்பழத் தோல், முள்ளங்கி விதை, முளைத்த பார்லி, புளித்த மாவு எல்லாம் சேர்ந்ததாம்.

“புளிச்ச மாவா? ஹராமாக் கிடக்குமோ ராத்தா?” என்றேன் நான்.

“அப்பமும் புளிச்ச மாதானே? காலையில அத எத்தன உள்ளுக்குத் தள்ளின? அப்ப வராத மார்க்கம் இப்ப வந்திட்டோ?”

குளிசை இதமாக இருப்பதாக ராத்தா சொன்னார். மச்சானின் மனம் நோகக்கூடாதென்று சொன்னாரோ என்னவோ. ஆனால் கல்யாண வீடுகளில் சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்து மூச்சு முட்டத் தின்ற நாங்கள் எல்லோரும் நேரே ராத்தா வீட்டுக்கு வரத் தொடங்கினோம்.

“ராத்தா, அந்தச் சீனாக் குளிசையில கொஞ்சம் தாங்களன்.”

“வாயத் தொற,” என்று கொட்டிவிட்டு, “இந்த வகுறு நெறஞ்சா கல்முனைச் சந்தையையே மூடணும்டா,” என்பார். எனக்கு உடனே ஏப்பம் வரும். உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையான மருந்து.

சென்ற வருடம் ராத்தா இரத்தமாக வாந்தியெடுத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: “எத்தின மணிக்குச் சாப்பிடுவீங்க அம்மா?”

“இவங்கெல்லாம் திண்டு எழும்பின பொறகு.”

“மிச்சம் இல்லாட்டி?”

“பிளேன்டீ குடிப்பன்.”

மச்சான் அவசரமாகப் போத்தலை நீட்டினார். “மருந்து குடுத்த நாங்கதான் டொக்டர், இந்தா.”

“இது எதுக்குரிய மருந்து?”

“அளவுக்குக் கூடத் திண்டாக்களுக்கு...” என்று மச்சான் இழுத்தார். டொக்டர் போத்தலைப் பார்த்தார். பிறகு என் தொப்பையைப் பார்த்தார்.

குடற்புண் முற்றி வெடித்திருந்தது. அந்தக் கிழமையே ராத்தா வபாத்தானார்.

வீதியில் பிரச்சினையான நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேன் தந்த அயலவருக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், அவரைக் குளிப்பாட்டிக் கபனிட்ட பெண்களுக்கும் எங்கள் நன்றி. அவர் கையால் உண்டுவிட்டு, “நீங்க திண்டீங்களா ராத்தா?” என்று ஒருமுறையாவது கேட்டவர் இருந்தால் அவருக்கும் நன்றி. யோசித்துப் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் தேடினேன். அல்லாஹ் அவருக்குச் சுவனத்தில் முதல் பந்தியைக் கொடுப்பானாக.

இன்றைய கத்தத்தில் முதல் சஹன்கள் குசினிக்குள் போகும். சமைத்த பெண்கள் உண்டு கை கழுவிய பிறகே பந்தலுக்குச் சோறு வரும். பசித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பசி ஆளை உடனே கொல்லாது. எங்கள் ராத்தாவுக்கு எத்தனையோ வருடம் எடுத்தது.

— தம்பி