தையல் மிஷினைக் கொடுத்துச் சரிசெய்த கார்

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் என் வீட்டுக்காரர் மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார். பெட்ரோல் கண்ணில் படாது. கித்தா ஷீட்டை, அதான் ரப்பர் தகட்டை, தகர டின்னில் போட்டுக் காய்ச்சி, வடிகிற எண்ணெயை ஊற்றி ஓட்டினோம். எங்கள் கொல்லையில் நாங்களே காய்ச்சியது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒருநாள் கார் நின்றுவிட்டது. எனக்கு நிறைமாதம் நெருங்கிய சமயம். தலைப்பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள் நான். அடுத்தது ஆஸ்பத்திரியில்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணி டவுனுக்குப் போக வேறு வண்டி ஏது?

டவுனில் பட்டறை வைத்திருந்தவர் என்னைவிட இளையவர். வீட்டுக்கு வந்து கார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சினை முழுசா பிரிக்கணும்க்கா. ஜப்பான் நோட்டுக்கு மதிப்பே இல்ல, வேண்டாம். உங்க தையல் மிஷினைக் கொடுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோணிச்சாக்கில் தோட்டத்துப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் மிஷின் அது. "ஏமாத்துறதுக்கு நான்தான் கிடைச்சேனா?" என்று எகிறினேன்.

அவர் இஞ்சினுக்குள்ளிருந்து எதையோ சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். இழுத்தேன், நீண்டது. மோந்து பார்த்தேன். ஒட்டுப்பால்! ரப்பர் மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால், தினமும் நான் உரித்தெடுப்பது. அரைகுறையாகக் காய்ச்சிய எங்கள் எண்ணெய்தான் உள்ளே போய் இறுகிக் கிடந்தது. பால் வெட்டுகிறவளிடம் இந்த விஷயத்தில் யாரும் கதைவிட முடியாது. மிஷினைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அழுதேன்.

கார் திரும்பி வந்தது. பழையபடி லொட லொட சத்தம், கரும்புகை. கேட்கப் போனால் அந்த மனிதர் சிரிக்கிறார். "உள்ளே எல்லாம் சரிக்கா. சத்தமும் புகையும் நான் வேணும்னு விட்டு வச்சது. நல்ல வண்டின்னு தெரிஞ்சா ஜப்பான்காரன் பிடுங்கிக்குவான்லா!" வேலை தெரியாதவன் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

வலி எடுத்த அன்று காலை டவுனுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் ஜப்பான் சோல்ஜர்கள் மறித்தார்கள். எங்களுக்கு முன்னால் பளபளவென்று ஒரு கார். அதில் வந்தவர்களை இறக்கிவிட்டு அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. எங்கள் கார் இருமிக்கொண்டே போய் நின்றது. ஒரு சோல்ஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையை வீசினான். அந்த வலியிலும் நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரர் பயந்தே போனார். வளைவு தாண்டியதும் ஒரு மிதி மிதித்தார் பாருங்கள், அந்தக் கார் அப்படிப் பறந்து நான் பார்த்ததே இல்லை.

மகள் சுகமாகப் பிறந்தாள். முப்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் பிள்ளையை முதலில் கோயிலுக்குத்தான் தூக்கிப் போவார்கள். நான் பட்டறைக்குத் தூக்கிப் போய் அவரிடம் நீட்டினேன். "கையெல்லாம் அழுக்குக்கா" என்று அவர் பின்வாங்கினார்.

அந்தக் கையிலேயே கொடுத்தேன்.