அழுவுற ஆளை அனுப்புங்க

டிவி, டெக் வாடகைத் தொழிலில் படம் நன்றாக இருந்தால் பேர் நடிகருக்கு, டிவியில் படம் ஆடினால் திட்டு நமக்கு. இது அந்தத் தொழில் செய்த எல்லோருக்கும் பொதுவான கஷ்டம். எனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று வாய்த்தது. அதன் பெயர் அமலதாஸ்.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருந்தேன். பெரிய கலர் டிவி ஒன்று, வீடியோ கேசட் ஓட்டும் டெக் ஒன்று, ஸ்டெபிலைசர் ஒன்று, அலமாரி நிறைய கேசட். காதுகுத்து, மஞ்சள் நீர், சர்ச் திருவிழா என்று கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போவோம். பகலில் படம் என்றால் ஜன்னலுக்கு ஜமுக்காளம் கட்டி இருட்டாக்குவோம். கடை என்னுடையது. கூட வேலை பார்த்த அமலதாஸ் வயரிங் தெரிந்தவன், விவசாயக் குடும்பம், என் வயசுதான். டிவியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தால் ஒருவன் பின்பக்கமாக நடந்தாக வேண்டும். எப்போதும் அவன்தான் நடப்பான்.

நான் சும்மா கடைக்காரன் இல்லை. சேலத்தில் நடந்த திரைப்பட ரசனை வகுப்புக்கு மூன்று நாள் போய், ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைய குறிப்பெடுத்து வந்தவன். படத்தில் விளக்கு அணைந்தால் ஏன் அணைகிறது, பறவை பறந்தால் எதற்குப் பறக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னைக் கேட்பார் இல்லை. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரரைத் தேடியே ஆள் வந்துகொண்டிருக்க, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இது உங்களுக்காகத்தான்.

கிணற்றுக் கயிறு

நல்லம்பள்ளி பக்கம் ஒரு காதுகுத்து வீடு. பந்தி முடிந்து மதியம் படம் ஓடுகிறது. கதாநாயகியின் அப்பா சாவதற்கு முந்தின காட்சியில், அவள் தண்ணீர் சேந்தும்போது கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விடும். அவள் எட்டிப் பார்ப்பாள். வசனம் கிடையாது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த இடத்தை இத்தனை பேரும் தவற விட்டுவிடக் கூடாதே என்று படத்தை நிறுத்தினேன். டிவிக்கு முன்னால் போய் நின்று, கயிறு என்றால் உறவு, கிணறு என்றால் காலம், இதற்குக் குறியீடு என்று பெயர் என்று விளக்கினேன். எனக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் பொறுமையான மனுஷர். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கயிறு இத்துப் போனா அறுந்துதாங்க போவும். அதுக்கு எதுக்குப் படத்த நிறுத்துறீங்க? அங்க பாருங்க, உங்க ஆளு குந்திக்கிட்டு அழுவுறாரு. மொதல்ல அவரு என்னன்னு கேளுங்க."

மண்டிக்காரர் போட்ட நிபந்தனை

அமலதாஸின் அழுகைக்குச் சத்தம் கிடையாது. வலது கை டெக்கில் டிராக்கிங் திருகைப் பிடித்திருக்கும். படத்தில் கோடு விழுந்தால் கை தானாகத் திருகிச் சரி செய்யும். கண்ணீர் அது பாட்டுக்கு மீசைக்கு இறங்கும், துடைக்கக்கூட மாட்டான். முதலில் பெண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு அவனைப் பார்த்து அழ ஆரம்பித்தார்கள். ஆறேழு விசேஷத்துக்குள் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சோகம் வருகிற மாதிரி இருந்தால் எல்லோரும் ஒரு தடவை அவன் பக்கம் திரும்பி உறுதி செய்துகொள்வார்கள். அவன் அழவில்லை என்றால் திரையில் யார் செத்தாலும் மரியாதை இல்லை.

எனக்குக் கண்ணீர் வராது. சேலம் வகுப்பிலேயே பக்கத்தில் இருந்த வாத்தியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது நான் நோட்டில் 'நிழல் - தனிமை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே ஒரு தடவை அப்படி வர வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வேறு எதற்கும் நான் இவ்வளவு ஏங்கியதில்லை. இந்த ஏக்கத்தோடு கடையில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் கம்பைநல்லூர் மண்டிக்காரர் மஞ்சள் நீர் விழாவுக்குச் சொல்ல வந்தார். என்ன படம் என்று கேட்கவில்லை. "டிவி சின்னதா இருந்தாலும் பரவால்லீங்க, அந்த அழுவுற ஆளு கட்டாயம் வரணும்."

மெதுவாகச் சாத்திய கதவு

ஒரு ஊரிலிருந்து டிராக்டர் பெட்டியில் டிவியைப் போட்டுத் திரும்பும்போது அவனிடமே கேட்டுவிட்டேன். அன்று போட்ட படத்தில் மனைவி வீட்டை விட்டுப் போகும்போது கதவைச் சாத்தும் காட்சியில் நீ ஏன் அழுதாய், அதில்தான் ஒன்றுமே இல்லையே என்றேன். அமலதாஸ் யோசிக்கவே இல்லை. "கோவமா இருந்தா படார்னு சாத்துவா முருகேசு. புள்ள தூங்குதுன்னு மெதுவா சாத்துனா. அப்பவே தெரிஞ்சு போச்சு, இவ திரும்பி வரமாட்டா." அந்தப் படத்தை நான் பதினோரு தடவை போட்டிருக்கிறேன். கதவைப் பார்த்திருக்கிறேன். சாத்திய விதத்தைப் பார்க்கவில்லை. நோட்டு இல்லாமல், சேலம் போகாமல், குறியீடு என்ற சொல்லே தெரியாமல் இவனுக்கு இது எப்படி வந்தது? வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது, வழியில் இறங்கி சோடா குடித்தேன்.

மறுநாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த விசேஷத்தில் அதே படம். கதவுக் காட்சி வந்ததும், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி குரலைத் தாழ்த்தி முழுவதையும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அத அவரு போன மாசம் எங்க அக்கா வூட்லயே அழுதுட்டாருங்களே."

சிரிப்புப் படம்

இவனை அடக்க ஒரே வழி சிரிப்புப் படம் என்று முடிவு செய்தேன். தொடக்கத்திலிருந்து கடைசி வரை அடி, உதை, வழுக்கி விழுதல். சீர் வீடு ஒன்றில் அதைப் போட்டோம். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் நிம்மதியாக ஒரு தூணில் சாய்ந்தேன். பாதிப் படத்தில் காமெடியனை முதலாளி நாலாவது தடவையாக அறைகிறார். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, கீழே விழுந்த தட்டுகளைப் பொறுக்குகிறான். சிரிப்புச் சத்தம் ஒரு மூலையிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. எந்த மூலை என்று பார்த்தேன். டெக் இருந்த மூலை.

"என்னடா?" என்றேன். "இவ்ளோ பேரு முன்னாடி அடி வாங்கிட்டு தட்டப் பொறுக்கறான் பாரு. அவனுக்கு வூட்ல யாருமே இல்லியா?" என்றான் அமலதாஸ். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த அறை விழுந்தபோது ஒரு பாட்டையா "ச்சு" என்றார். பணம் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சங்கடமாக என்னைப் பார்த்தார். "காமெடின்னு சொல்லி இப்பிடி மனசக் கலக்கிட்டீங்களே. தையில எங்க தம்பி வூட்டு விசேஷங்க, அதுக்கும் அவரையே அனுப்புங்க."

தைலம்

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். மண்டிக்காரரின் மஞ்சள் நீர் விழாவுக்கு நான் தலைவலித் தைலம் ஒரு சின்ன டப்பா எடுத்துப் போனேன். அண்ணனும் தங்கையும் பிரியும் காட்சிக்குச் சரியாக இரண்டு நிமிஷம் முன்பு, விரல் நுனியில் தொட்டு, இரண்டு கண்ணுக்கும் கீழே இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் உள்ளேயும் போய்விட்டது. கண்ணீர் அருவியாகக் கொட்டியது. முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். திரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை.

பக்கத்தில் இருந்த குழந்தையை யாரோ இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு இன்னொரு குழந்தை. பிறகு என்னைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு இடம் காலியாகிவிட்டது. மண்டிக்காரரின் மனைவி நாலு அடி தள்ளி நின்று, புடவைத் தலைப்பால் தன் கண்ணை மறைத்துக்கொண்டு சொன்னார்: "மெட்ராஸ் ஐ வந்தவரு விசேஷ வூட்டுக்கு வரலாமாங்க? நீங்க வெளிய காத்தாட குந்துங்க. படத்த அவரு பாத்துக்குவாரு."

ஓசூர் பஸ்

ஓசூரில் ஒரு கம்பெனியில் வயர்மேன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் மைத்துனன் சொன்னான். அன்றைக்கே அமலதாஸுக்காக விண்ணப்பம் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதையும் அவனுக்குக் கொடுத்தேன். நானே தபாலில் போட்டேன். இன்டர்வியூவுக்கு என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். என் தங்கை கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி ஓடியதில்லை. வேலை கிடைத்துவிட்டது. "நான் போயிட்டா டிவிய யாரு கூடத் தூக்குவ?" என்று அவன் இழுத்தான். அதெல்லாம் ஆள் கிடைக்கும், நீ உன் வாழ்க்கையைப் பார் என்று ஒரு பெரிய மனுஷன் மாதிரி பேசினேன்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். படம் இல்லாமல் அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ் போனதும் நான் மனசு லேசாகிக் கடைக்கு நடந்தேன், வழியில் விசில்கூட அடித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பஸ் நகரும்போது அவன் சொன்னது இது: "எனக்காக இவ்ளோ மெனக்கெட்டது எங்கப்பனுக்கு அப்புறம் நீதான் முருகேசு."

ஏணி

இரண்டு மாதம் கழித்து பாப்பிரெட்டிப்பட்டி பாத்திரக்கடை பாய் வந்தார். பெருநாளுக்குப் பேரப் பிள்ளைகளெல்லாம் வந்திருக்கிறார்கள், பகலில் பொம்மைப் படம் போட வேண்டும் என்றார். "அழுதுகிட்டே படம் போடுவாராமே ஒருத்தரு, அமலதாஸோ என்னமோ பேரு. அவரையே அனுப்புங்க" என்றார். அவன் போய்விட்டான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆள் வரும் என்று மட்டும் சொன்னேன்.

பாய் அனுப்பிய வேனில் போனேன். டிவியின் ஒரு பக்கத்தை டிரைவர் பிடித்தார். அவருக்கு இந்த வேலை பழக்கமில்லை, நேராக நடந்தார். அதனால் முதல் தடவையாக நான் பின்பக்கமாக நடந்தேன். வாசலில் குதிகால் நிலைப்படியில் இடித்து, டிவியோடு விழப் பார்த்தேன். பின்பக்கமாக நடப்பவனுக்குப் படி தெரியாது. எதிரே வருகிறவன்தான் 'படி' என்று சொல்ல வேண்டும். நாலு வருஷத்தில் நான் ஒரு தடவையாவது அமலதாஸுக்கு அப்படிச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவனே காலால் தடவிக் கண்டுபிடித்துக்கொள்வான்.

துபாயிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்த கேசட் அது. ஏதோ ஒரு நாட்டுத் தொடர், பாஷை ஒருவருக்கும் புரியவில்லை. பனி கொட்டும் ஊரில் ஒரு கரடியும் ஒரு முயலும் நீளமான ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கூரை சரி செய்கின்றன. முன்னால் முயல். வழியில் ஒரு மரப்பாலம். முயல் நின்று, பலகையைக் காலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். நாலைந்து கதை இப்படியே போயிற்று, பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கடுத்த கதையில் முயல் ஒரு படகில் ஏறி எங்கோ போய்விட்டது. கரடி தனியாக ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தது. பாலத்துக்கு முன்னால் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அது ஏன் மாமா நிக்குது?" என்று ஒரு பெண் குழந்தை என்னைக் கேட்டாள். என்னிடம் ஒருவர் ஒரு காட்சிக்கு விளக்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. பாலம் என்றால் என்ன, ஏணி என்றால் என்ன, எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் கரடி தயங்கித் தயங்கி, தன் பெரிய காலால் பலகையை இரண்டு தட்டு தட்டியது. அதற்கு மேல் எனக்குத் திரை தெரியவில்லை. படத்தில் கோடு விழுகிறது என்று பிள்ளைகள் கத்தினார்கள். திருகு எங்கே இருக்கிறது என்று கையால் தடவிக்கொண்டிருந்தேன்.

முதுகில் ஒரு கை விழுந்தது. பாய் என் பக்கத்தில் குந்தி, வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் நம்பவே இல்லைங்க, ஊர்ல சும்மா கதை கட்டுறாங்கன்னு நெனச்சேன். பொம்மப் படத்துக்கே இப்பிடி அழுவுறீங்களே, அமலதாஸுன்னா அமலதாஸுதாங்க!"

என் வாழ்நாளில் நாலு பேர் பார்க்க ஒரே ஒரு தடவை நிஜமாக அழுதேன், அந்தப் பேரும் ஓசூருக்கே போய்ச் சேர்ந்தது.