லண்டன் சீமாட்டியின் தாலி

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியில் இருந்துகொண்டு விக்டோரியா மகாராணி காலத்து லண்டனைப் பற்றி நான் தொடர்கதை எழுதினேன். லண்டனைப் பார்த்ததில்லை. அங்கே விமானம் மாறும்போது கண்ணாடிக்குள்ளால் கொஞ்சம் மழை பார்த்ததோடு சரி. தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகை ஒன்றில் கதை வந்தது. வாசித்து முடிந்தால் அதன்மேல் வைத்து மீன் வெட்டலாம்.

குடிகாரப் பிரபுவிடம் விவாகரத்துக் கேட்டு ஒரு சீமாட்டி நீதிமன்றம் போகிறாள். கணவன் வேறொருத்தியோடு போனது மட்டும் போதாது, கொடுமைப்படுத்தினான் என்றும் மனைவி நிரூபிக்க வேண்டிய காலம் அது. அவளுக்காக ஒரு பியானோ ஆசிரியர் உருகிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை. லோரன்ஸ் தெருவில் ஓடும் பஸ்ஸின் சாரதி குட் மோர்னிங் சொல்வார், அவ்வளவுதான்.

உண்மையில் விவாகரத்து வாங்கியவள் நான். அதை அப்படியே எழுதத் துணிச்சல் இல்லை. எங்கள் சனம் என்னைத் துரத்தவில்லை. கொண்டாட்டங்களுக்குக் கூப்பிட்டது, வயிறு நிறையச் சாப்பாடும் போட்டது. திரி ஏற்றிய தட்டைச் சுற்றி ஆலாத்தி எடுக்கும் நேரம் மட்டும் எல்லோருக்கும் என் முகம் மறந்துபோகும். சுமங்கலிகள் சோடி சோடியாக மேடை ஏற, நான் ரோல்ஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் பசிக்காரி மாதிரி நிற்பேன். ஒருமுறையாவது கூப்பிடமாட்டார்களா என்று மனம் கிடந்து அடிக்கும்.

கோபத்தையெல்லாம் லண்டனுக்கு அனுப்பினேன். தீர்ப்பு நாளில் சீமாட்டி ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், நிமிர்ந்து நின்று, தாலியைக் கழற்றி நீதிபதியின் மேசையில் வைத்தாள். மோதிரம் என்று எழுதவேண்டிய இடம்! அச்சில் பார்த்தபோதுதான் கவனித்தேன். கடையில் கண்டவர்களோ, "நல்லாக் குடுத்தாள்" என்று மெச்சினார்கள். வெள்ளைக்காரியின் கழுத்துக்குத் தாலி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் மேல்மாடி அன்ரியின் தங்கை மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. அன்ரிதான் முன்னுக்கு நின்று நடத்தினார். ஆலாத்தி நேரம் வந்ததும் வழக்கம்போல ரோல்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன்.

"பிள்ளை, உந்த ரோல்ஸை வைச்சிட்டு வா. எனக்குச் சோடி இல்லை" என்றார் அன்ரி, மண்டபம் முழுக்கக் கேட்க.

"அன்ரி, நான்..." என்று இழுத்தேன்.

கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "வெள்ளைக்காரிக்கு எங்காலை தாலி? வாசிச்ச அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. வா, தட்டின்ரை மற்றப் பக்கத்தைப் பிடி."

பிடித்தேன். சீமாட்டியை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நிற்கவைத்தவள் நான். மூக்கு வழிய அழுதேன். இரண்டு கையும் தட்டில் இருந்ததால் துடைக்கவும் வழியில்லை. வீடியோக்காரர், கலியாண வீடுகளில் அழுகிற முகங்களை எடுத்துப் பழகியவர், சடங்குப் பிள்ளையை விட்டுவிட்டு என் மூக்கையே கிட்ட வந்து எடுத்தார்.

அந்தக் கசெற்றை அன்ரி இன்னும் வைத்திருக்கிறார். யார் வீட்டுக்கு வந்தாலும் போட்டுக் காட்டி, அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

"அங்கை பாருங்கோ, எங்கடை சீமாட்டி."