வாமதேவன் பார்த்த சிங்கம்

வாமதேவன் பண்பின் சிகரமாக இருக்கவில்லை. பாசத்தின் உறைவிடமாகவும் இருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக அச்சகத்தார் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் இந்த இரண்டும் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பாரிசில் எங்கள் தமிழ்ச் சனம் புழங்கும் லா ஷப்பலில் இறந்துபோகிறவர்கள் எல்லோரும் ஒரே உயரமான சிகரங்கள்.

என் கணவர் கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். முதல் ஒன்பது வருடம் கோப்பை கழுவினார். பிறகு வெங்காயம் வெட்டினார். அதற்குப் பிறகு மாட்டிறைச்சி வாட்டினார். வீட்டில் ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை. இவ்வளவையும் இரண்டு வரியில் எழுதி முடித்துவிடலாம். மிச்சப் பக்கத்தை நிரப்ப வேண்டுமென்றால் சிங்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

சிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மகள் கஜனிக்கு ஒன்பது வயது. பெற்றோர் பிரான்சுக்கு எப்படி வந்தார்கள் என்று வகுப்பில் பேசச் சொல்லியிருந்தார்கள். அவள் கொப்பியும் பென்சிலுமாகத் தகப்பனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அவர் வந்த கதை இதுதான். தொண்ணூறாம் ஆண்டு, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் பாரிசுக்கு என்று சொல்லி விமானம் ஏற்றி, டோகோ நாட்டின் லோமேயில் இறக்கினான். இரண்டு கிழமை என்றான். பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரே அறையில் ஒன்பது பேர். வெளியே போகக் கூடாது. யன்னல் திறக்கக் கூடாது. இருட்டினால் வெளிச்சம் போடக் கூடாது. மூன்று தரம் ஆறுதலாகத் தட்டினால் மட்டும் கதவைத் திறக்கலாம். வேறு மாதிரித் தட்டினால் அது பொலிஸ். பதினான்கு மாதத்தில் வாமதேவன் பார்த்த ஆபிரிக்கா என்பது ஒரு மதில், மதிலுக்கு மேலே ஒரு பப்பாசி மரத்தின் தலை, பக்கத்து வீட்டு ஆடு எதன்மேலாவது ஏறி நின்றால் அதன் காதும் கொம்பும். ஒன்பது பேர் உள்ளே போனார்கள். எட்டுப் பேர் வெளியே வந்தார்கள்.

இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்த இடத்தில் தொடங்கிச் சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது பிள்ளையே வழி காட்டியது.

“பப்பா, ஆபிரிக்காவிலை சிங்கம் பாத்தீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டியைப் பார்த்தேன்.

“ஓம்,” என்றார். “ஒண்டு.”

வகுப்பில் கஜனிக்கு ‘மிக நன்று’ கிடைத்தது. லோமே ஒரு துறைமுக நகரம் என்பதை ஆசிரியை கவனித்ததாகத் தெரியவில்லை. ஆபிரிக்கா என்றால் சிங்கம் என்ற விஷயத்தில் பிரெஞ்சுக் கல்வித் திட்டத்துக்கும் வாமதேவனுக்கும் பூரண உடன்பாடு.

பிறகு அந்தச் சிங்கம் வளர்ந்தது. ஃபொபூர் சேன்-தெனி தெருவில் சஞ்சீவன் வைத்திருக்கும் சலூனில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குப் பிடரி முளைத்தது. ஒரு வருடம் அது கிணற்றடிக்கு வந்து தண்ணீர் குடித்தது. அடுத்த வருடம் இவரை நேருக்கு நேர் பார்த்து, ஏதோ நினைத்து, திரும்பிப் போனது. அதே அறையில் பதினான்கு மாதம் கிடந்த துஷ்யந்தன் பக்கத்துக் கதிரையில் இருந்துதான் இதைக் கேட்பார். அவர் ஒருநாளாவது வாய் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். ஐந்தாறு வருடம் கழித்துத் திறந்தார். “வாலை நானும் கண்டனான்,” என்றார்.

கஜனி படித்து, லா தெபான்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விபத்து என்று சொல்லி வரும் விண்ணப்பங்களில் எது பொய் என்று கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். அதில் மிகவும் கெட்டிக்காரி என்று பெயர். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினெட்டு வருடமாக ஒரு சிங்கம் இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

தகப்பனுக்கு அறுபது வயது நிறைந்தபோது அவள் ஒரு கடித உறையை நீட்டினாள். தென்னாபிரிக்காவில், க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய ஒரு தனியார் வனக்காப்பகத்தில், சஃபாரி விடுதி. நான்கு இரவுகள், மூன்று பேருக்கு. “பப்பா, உங்கடை சிங்கத்தைத் திரும்பிப் போய்ப் பாப்பம்,” என்றாள். வாமதேவன் உறையை இரண்டு கையாலும் வாங்கினார். நீதிமன்ற அழைப்பாணையையும் மனிதர்கள் அப்படித்தான் வாங்குவார்கள்.

விமானத்தில் மகள் நித்திரையான பிறகு என் காதுக்குக் குனிந்தார்.

“தாட்சா, சொல்லிப் போடாதை.”

“எதை?”

“ஆட்டை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பொய் பிடிபட்டுவிடும் என்ற வெட்கம் மட்டும் அல்ல அது. சிங்கம் எழுந்து போனால் அது இருந்த இடத்தில் அந்த அறை வந்து உட்கார்ந்துகொள்ளும். தகப்பன் எலி மாதிரிக் கிடந்த கதையை மகள் கேட்க வேண்டிவரும். அதைத் தடுக்கத்தான் அத்தனை வருடம் அவ்வளவு பெரிய மிருகத்தைக் கட்டித் தீனி போட்டார்.

விடுதியில் குளிர்ந்த துவாயும் பழச்சாறும் தந்து வரவேற்றார்கள். முன்பதிவுப் படிவத்தில் ‘தந்தை இளமையில் ஆபிரிக்கக் காட்டில் வாழ்ந்தவர்’ என்று கஜனி எழுதியிருந்தாள். ஆகவே வாசலில் கரும்பலகை வைத்து, ‘மீண்டும் வருக, திரு வாமதேவன்’ என்று வெண்கட்டியால் எழுதியிருந்தார்கள். அடுத்ததாக ஒரு கடதாசி நீட்டினார்கள். மிருகம் எங்களைக் கொன்றால் விடுதி பொறுப்பில்லை என்று அதில் கையெழுத்து வைக்க வேண்டும். ஏஜென்சிக்காரன் இதையே வாயால் சொல்லியிருந்தான். இங்கே கடதாசியில் கேட்டார்கள். நாகரிகம் என்பது அதுதான்.

எங்களைப் பொறுப்பெடுத்த காட்டு வழிகாட்டியின் பெயர் றொஜர். காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரை சப்பாத்து. வேலி கிடையாது என்பதைப் பெருமையோடு சொல்லிவிட்டு ஒழுங்குகளை விளக்கினார்; கஜனி மொழிபெயர்த்தாள். இருட்டிய பிறகு அறையை விட்டு வெளியே வரக் கூடாது. கூட்டிப்போக ஆள் வந்து கதவைத் தட்டும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். விடிய முன்னர் எழுப்புவார்கள். திறந்த வண்டியில் ஏற்றி, முழங்காலுக்குப் போர்வை தருவார்கள். எழுந்து நிற்கக் கூடாது. கதைக்கக் கூடாது. எங்கே போகிறோம் என்று கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் அது அவருக்கே தெரியாது.

கேட்கக் கேட்க எனக்கு ஒரு மாதிரி ஆயிற்று. வாமதேவன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒழுங்குகளில் ஒன்றுகூட அவருக்குப் புதிதில்லை.

இதைச் சிறைச்சாலை என்று சொல்லி ஒரு பெல்ஜியக்காரத் தம்பதி இரண்டாம் நாளே முறையிட்டார்கள். வாமதேவன் முறையிடவில்லை. விடிய நான்கு மணிக்குச் சப்பாத்தோடு தயாராக நின்றார். வண்டியில் மூன்று மணித்தியாலம் தும்மாமல் இருந்தார். இவ்வளவு ஒழுக்கமான விருந்தாளியைப் பார்த்ததில்லை என்று றொஜர் மகளிடம் சொன்னார். காட்டில் வாழ்ந்தவர் அல்லவா என்று மகள் பூரித்தாள்.

ஒருநாள் காலை றொஜர் வண்டியை நிறுத்தி, மணலில் ஒரு காலடியைக் காட்டி, ஐயாவின் கருத்து என்ன என்று கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். வாமதேவன் இறங்கி, குந்தி, அரைகுறையாக வெந்த இறைச்சியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

“பெரிசு,” என்றார்.

கஜனி மொழிபெயர்த்தாள். றொஜர் ஆழமாகத் தலையசைத்தார். பெல்ஜியக்காரர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை ஆறரைக்கு இருட்டியது. சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக ஏழு மணிக்கு ஆள் வர வேண்டும். வரவில்லை. குட்டிகளோடு ஒரு யானைக் கூட்டம் அறைகளுக்கும் சாப்பாட்டு மேடைக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அறையில் தொலைபேசி இல்லை. தொலைபேசி இல்லாதது அங்கே ஒரு சொகுசு. கஜனி பக்கத்து அறையில் இருந்தாள்.

ஏழரை ஆனது. வாமதேவன் எழுந்து வெளிச்சத்தை நிற்பாட்டினார். சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார். கடவுச்சீட்டு வைத்த சின்னப் பையை எடுத்து, யன்னலுக்குக் கீழே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், சுவரில் முதுகு வைத்துத் தரையில் இருந்தார். பை மடியில் இருந்தது.

“என்னப்பா செய்யிறீங்கள்?”

வாயில் விரல் வைத்துக் காட்டி, என்னையும் கீழே இழுத்தார். இருபத்தொன்பது வருடம் அவரோடு வாழ்ந்தவள் நான். அந்த இருப்பை அன்றுதான் கண்டேன்.

எட்டரைக்குக் கதவு தட்டுப்பட்டது. படபடவென்று, அவசரமாக. நான் எழும்ப, அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பொறு. இது அவங்கள் இல்லை.”

மறுபடி தட்டினார்கள். அவர் மூச்சு விடவில்லை. “பப்பா! நான்தான், கஜனி!” என்று வெளியே மகள் கத்தினாள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகுதான் அவர் கை தளர்ந்தது. நான் கதவைத் திறந்தேன். டோர்ச் வெளிச்சம் நேரே தரையில் இருந்தவரின் முகத்தில் விழுந்தது. மகளுக்குப் பின்னால் றொஜர் நின்றார்.

“ஏன் பப்பா இருட்டிலை? யானைக்குப் பயந்திட்டீங்களா?” பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் கேட்டாள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் சிங்கம் தப்பியிருக்கும்.

“யானையோ? எங்கை?” என்றார் அவர். பிறகு, “லோமேயிலை வெளிச்சம் போட விடமாட்டாங்கள், பிள்ளை.”

“ஆர்?”

“ஏஜென்சிக்காரர்.”

“காட்டிலையா?”

“காடு இல்லையம்மா. அறை.”

தொடங்கியதை அவரால் நிற்பாட்ட முடியவில்லை. ஒன்பது பேர், தகர மீன், பாண், கதவில் மூன்று தட்டு. பத்தாவது மாதம் காய்ச்சல் வந்த இருபத்திரண்டு வயதுக்காரன். வைத்தியரிடம் கொண்டுபோனால் எல்லோரும் பிடிபடுவார்கள் என்று ஏஜென்சியின் ஆட்கள் சொன்னது. இவர்களும் பேசாமல் இருந்தது. ஆறாம் நாள் போர்வையால் சுற்றி வெளியே எடுத்துப்போனது.

“அவன்ரை பேர் கஜன்,” என்றார்.

கஜனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்சாத்திரம் பார்த்து வைத்த பெயர் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். பிறகு அவளுடைய உத்தியோகக் குரல் வந்தது.

“அப்ப, சிங்கம்?”

“ஆடு.”

“ஆடா?”

“பக்கத்து வீட்டு ஆடு. அதுவும் முழுசா இல்லை. காதும் கொம்பும்.”

ஏதாவது பிரச்சினையா என்று றொஜர் கேட்டார். இல்லை, அப்பா ஓர் ஆட்டைப் பற்றிச் சொல்கிறார் என்றாள் கஜனி. பதில் திருப்தியாக இருந்ததுபோல அவர் தலையசைத்தார். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையசைப்பார்.

இரவுச் சாப்பாட்டில் அவள் மேசையின் மறுகோடியில் போய் இருந்தாள். வாமதேவன் மான் இறைச்சியை வெட்டி வெட்டித் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். பொய் விண்ணப்பம் கொடுத்தவர்களின் கோவையை அவள் எப்படி ஒரேயடியாக மூடுவாள் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் விடிய வண்டியின் கடைசி வரிசையில், தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து ஏறினாள். அவர் முழங்காலுக்கும் சேர்த்துப் போர்வையை இழுத்துவிட்டாள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு உண்மையான சிங்கம் கிடைத்தது. முள்மரத்துக்குக் கீழே, வயிற்றை வானத்துக்குக் காட்டி, முகமெல்லாம் இலையான் மொய்க்க, செத்ததுபோல நித்திரை கொண்டது. வண்டியில் எல்லோரும் கோயிலில் நிற்பதுபோல நின்றார்கள். அதாவது, எழுந்து நிற்கக் கூடாது என்பதால் இருந்தபடி நின்றார்கள்.

வாமதேவன் மெல்லச் சொன்னார்: “ஆடு இதைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பு.”

கஜனி வெடித்துச் சிரித்தாள். றொஜர் திரும்பி முறைத்தார். சிங்கம் ஒரு காதை மட்டும் அசைத்தது.

“என்ன நிறம்?” என்று கேட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு.

“கறுப்பு. ஒரு காது வெள்ளை.”

அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கே படுத்தீர்கள், ஆர் பக்கத்தில், கஜனுக்கு ஆர் இருந்தார்கள், கடிதம் போட்டீர்களா. விமானத்திலும் கேட்டாள். அவள் உத்தியோகமே அதுதானே. அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அது அவருக்குப் புதுப் பழக்கம்.

பாரிசுக்கு வந்ததும் சலூனில் படங்களைக் காட்டினார். சஞ்சீவன் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பார்த்தான். “என்னண்ணை இது, படுத்துக் கிடக்குது? உங்கடை பழைய சிங்கம் நல்ல சிங்கம்,” என்றான். துஷ்யந்தனும் அதை ஆமோதித்தார். உண்மையான சிங்கம் லா ஷப்பலில் ஒரு கிழமைகூட ஓடவில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்குப் போகச் சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

எரியூட்டும் மண்டபத்தில் ஊர்ச் சங்கத் தலைவர் பண்பின் சிகரம் என்றார். சஞ்சீவன், ஆபிரிக்கக் காட்டில் சிங்கத்தை நேருக்கு நேர் கண்ட வீரன் என்றான். அடுத்ததாகக் கஜனி கையில் ஒரு கடதாசியோடு போனாள். பிரெஞ்சில்தான் பேசுவாள் என்று நினைத்தேன். தமிழில், தட்டுத் தடுமாறி, அறையைச் சொன்னாள். ஒன்பது பேரைச் சொன்னாள். மதில், பப்பாசி மரம், ஆட்டின் வெள்ளைக் காது. கஜன் என்ற பெயரை இரண்டு தரம் சொன்னாள். சபை கதிரைகளில் நெளிந்தது. இறந்தவரைப் பற்றி இப்படியெல்லாம் சொல்லலாமா என்று முன்வரிசை ஒருவரை ஒருவர் பார்த்தது.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது துஷ்யந்தன் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்தார். கண் சிவந்திருந்தது. அந்த அறையில் கஜனுக்குப் பக்கத்தில் படுத்தவர் அவர்தான்.

“எல்லாம் சரியாச் சொன்னனீ, பிள்ளை. சிங்கத்தை மட்டும் விட்டிட்டாய்.”

“துஷ்யந்தன் மாமா, அது ஆடு. பப்பாவே சொன்னவர்.”

அவர் கையை விடாமல் நிலத்தைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “ஆடும் நிண்டது.”