மூன்று சாய்கோடும் ஒரு காதுகுத்தும்

போன வாரம் பழைய டைரி ஒன்றில் என் கையெழுத்திலேயே ஓர் இணைய முகவரி கிடைத்தது. எஃப்.டி.பி. என்று தொடங்கும் பழைய வகை. சும்மா இருக்க மாட்டாமல் பிரவுசரில் அடித்துப் பார்த்தேன், திறக்கவில்லை. இப்போதைய பிரவுசர்கள் அந்த வகையைத் திறப்பதையே நிறுத்திவிட்டனவாம். இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் குப்பை கொட்டியிருக்கிறேன் பாருங்கள்.

டைரியில் இன்னும் டீசல் வாசனை அடித்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. டோல்கேட்டில் டீக்கடைக்கு மேலே இருந்த ஒரு டிரெய்லர் லாரி ஆபீஸில்தான் என் முதல் வேலை. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வேர்வை. எங்கள் வண்டிகள் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, அதற்கான சரக்கைத் துறைமுகக் கேட்டில் எந்த நேரம்வரை வாங்குவார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு கப்பல் கம்பெனியும் ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கும். எல்லாவற்றையும் காலையில் எடுத்து ஒரே தாளில் அச்சடிக்க நான் ஒரு புரோகிராம் எழுதினேன்.

முகவரியின் தலையில் மூன்று நான்கு எழுத்து இருக்கிறதல்லவா, எப்படிப் போய்க் கேட்பது என்பதைச் சொல்வது அதுதான். ஹெச்.டி.டி.பி. என்றால் கேட்டதும் கொடுத்துவிடும். எஃப்.டி.பி. பெயர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், பேச ஒரு வழியும் சரக்கு வர இன்னொரு வழியுமாக இரண்டு திறக்கும். ஃபைல் என்று போட்டு மூன்று சாய்கோடு இழுத்தால் வெளியே எங்கும் போகாது, நம் கம்ப்யூட்டரில் இருப்பதையே எடுத்து நீட்டும். என் புரோகிராமுக்கு இந்தப் பேதமெல்லாம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஒரே வரியில் எடுத்துவந்து, பச்சை எழுத்தில் 'வந்தது' என்று சொல்லும். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவேன்.

ஒரு புதன்கிழமை டில்லி அண்ணன் என் மேஜையில் சாய்ந்து நின்றார். எங்கள் டிரைவர்களில் மூத்தவர்.

"என் கப்பலுக்கு எப்போ தம்பி கேட்டு மூடுறாங்கோ?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம்ண்ணே."

"அன்னிக்குக் காலீலதான் தங்கச்சி கொயந்தைக்குக் காது குத்தறாங்கோ. ஒரே மாமன் நான், என் மடில வெச்சுத்தான் குத்தணும். நல்லா பாத்து சொல்லு."

பச்சை எழுத்தைப் பார்த்தேன். "பாத்துட்டேண்ணே. வெள்ளிதான்."

வியாழன் சாயங்காலமே வரிசையில் நின்றுவிட்டால் விடிவதற்குள் உள்ளே போய்த் திரும்பலாம் என்று கிளம்பினார். துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் சாலையின் டிரெய்லர் வரிசையை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். முன்னால் வண்டி, பின்னால் வண்டி, நடுவில் மாட்டினால் இறங்கி ஓடக்கூட வழியில்லை. வெள்ளி காலை பதினோரு மணிக்குத்தான் கேட்டை அடைந்திருக்கிறார். அந்தக் கப்பல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போய் மூன்று நாளாயிற்று, இப்போதே சரக்கை வாங்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல நேரம் தாண்டிவிடும் என்று குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரர் மடியில் உட்காரவைத்துக் காது குத்தி முடித்திருந்தார்கள்.

சாயங்காலம் ஆபீஸுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "எங்கேர்ந்து எடுத்தே அத?" என்று மட்டும் கேட்டார். புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அந்தக் கப்பல் கம்பெனியின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சாய்கோடு. திங்கட்கிழமை நெட் இல்லாதபோது, சோதித்துப் பார்க்க என் கம்ப்யூட்டரிலிருந்த பழைய பட்டியலின் முகவரியைப் போட்டவன் திருப்பி மாற்ற மறந்திருக்கிறேன்.

"வெளிய போகவேயில்லண்ணே. இந்தப் பொட்டிலயே இருந்த பழைய லிஸ்டு."

"வந்துச்சுன்னு போட்டுக்கீதே."

"பொட்டிலேர்ந்து வந்துச்சு."

"உன் வூட்ல கெடந்தத உனுக்கே எட்தாந்து குட்த்துச்சா?" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் உற்சாகமாகி ஃபைல், எஃப்.டி.பி., இரண்டு வழி எல்லாம் தாளில் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "தங்கச்சி போனை எடுக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாளே ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் அது எங்கிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்று அச்சாகும்படி மாற்றினேன். டில்லி அண்ணன் கப்பல் பெயருக்கு முன்னால் அதைத்தான் படிப்பார். "வெளிய போய் வந்துச்சா இன்னிக்கி?" என்பார். தங்கை ஒரு வருஷம் கழித்துப் பேசினாராம். "அந்தக் காது குத்துன போட்டோவ வூட்ல மாட்டி வெச்சுக்கிறாங்கோ தம்பி. போனா அந்தச் செவுத்துப் பக்கம் நான் உக்கார மாட்டேன்" என்றார் ஒருநாள்.

அந்த எஃப்.டி.பி. இடங்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. கப்பல் நேரமெல்லாம் டிரைவர்களின் போனுக்கே வந்துவிடுகிறது, எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அரை மணி நேரம் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். 'மன்னிச்சுக்கங்கண்ணே' என்று மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. டைரியின் கடைசிப் பக்கத்தில் அவர் நம்பர் இருந்தது, கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்து, டில்லி என்று யாரையும் தெரியாது என்றார்கள்.