அருள்செல்வி ஒப்புக்கொள்ளாத வரலாறு

அமீரகத்தில், அல் ஐன் நகரத்துக்கு வெளியே இருக்கும் அந்தக் காம்பவுண்டில், முதலில் குடிவந்தவர்களில் மிஞ்சியிருப்பது அருள்செல்வியின் குடும்பம்தான். உவரியில் பிறந்தவள், நர்ஸ் வேலை.

அவள் வந்த புதிதில் தார்ச்சாலை கிடையாது. காற்றடித்தால் வாசல்படியை மணல் மூடிவிடும். பாலோ ரொட்டியோ தண்ணீரோ, எது வேண்டுமானாலும் கேட்டை ஒட்டியிருந்த சதக்கத்துல்லாவின் கடைதான். காயல்பட்டினத்து மனிதர். அவள் டியூட்டி முடிந்து வரும்வரை, பள்ளி வேனில் வந்திறங்கும் மகளைக் கடைக்குள் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

பிறகு வசதியானவர்கள் குடிவந்தார்கள். சாயங்காலங்களில் பக்கத்து லேபர் கேம்ப் தொழிலாளர்கள் கடை முன்னால் டீ குடித்துக்கொண்டு நிற்பது அவர்கள் கண்ணை உறுத்தியது. அவர்களில் ஒருவனான இன்ஜினியர் விஜயபாஸ்கர் வீடு வீடாக ஏறி இறங்கி, கட்டட உரிமையாளரிடம் புகார் சொல்ல ஆள் சேர்த்தான். அருள்செல்வி அவனை வாசலிலேயே நிற்கவைத்து, வாங்கு வாங்கென்று வாங்கி அனுப்பினாள். ஆனாலும் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சதக்கத்துல்லா ஊருக்குப் போனார். அதிலிருந்து, அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் அவளும் விஜயபாஸ்கரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இந்த வருடம் காம்பவுண்டின் இருபதாம் ஆண்டு விழா. ‘நம் குடியிருப்பின் வரலாறு’ என்று ஒரு வீடியோ போட்டார்கள். சதக்கத்துல்லாவின் படம் வந்தது. “வயதானதால் விருப்பத்தோடு தாயகம் திரும்பினார்,” என்றது விஜயபாஸ்கரின் குரல்.

அருள்செல்வி எழுந்துவிட்டாள்.

“நிறுத்துங்க அத! விருப்பத்தோடயா போனாரு? நீங்க எல்லாரும் சேந்துல்லா வெரட்டுனீங்க!”

“அக்கா, இது ஃபேமிலி ஃபங்ஷன். குழந்தைங்க இருக்காங்க,” என்றான் விஜயபாஸ்கர்.

“பிள்ளையளும் தெரிஞ்சுக்கிடட்டும். லேபர் ஆளுவ மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னு ஒரு மனுசன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்க. இப்பம் அதுக்குப் படம் வேறயா?”

யாரோ பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். கூட்டம் பிரியாணிப் பக்கம் நகர்ந்தது. கணவர் ஜான் பீட்டர் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறப்பதற்குள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளைத் தூக்கியிருந்தார்கள்.

ஆத்திரம் அடங்காமல் காயல்பட்டினத்துக்குப் போன் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். சதக்கத்துல்லா சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

“ஒங்கள யாரும்மா கேட்டா?” அவர் குரல் கடுகடுத்தது. “எம் மவனுக்கு விசா எடுத்துக் குடுத்ததே விஜயபாஸ்கர்தான். அவரு கம்பெனியிலதான் இருக்கான். நீங்க சண்டைபோட்டு அவன் பொழப்பையும் கெடுத்துராதீங்க.”

“கடையப் பிடுங்கிட்டு மவனுக்கு வேலை குடுத்தா சரியாப் போச்சா, பாய்?”

“எனக்குச் சரியாப் போச்சு. விடுங்க சிஸ்டர்.” போன் துண்டிக்கப்பட்டது.

பின்னாலேயே வந்திருந்த ஜான் பீட்டர், “இனிமேயாவது வாய மூடிக்கிட்டு இரி,” என்றார். அவள் சாப்பிடாமலே போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை அவள் டியூட்டிக்குக் கிளம்பியபோது விஜயபாஸ்கர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். “குட் மார்னிங், அக்கா,” என்றான். ஜெயித்த திமிரா, சமாதானமா, அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

“காலங்காத்தால இந்த மூஞ்சியிலயா முழிக்கணும்!” என்று அவன் காதில் விழும்படி சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.