கரண்ட் போன மதியம்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். நாற்பத்தைந்து வயதுக்குள்ளேயே நுரையீரல் கெட்டுவிட்டது; அப்படியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மூச்சு முட்டினால், மருந்தை ஆவியாக்கித் தரும் மிஷினை முகத்தில் வைக்க வேண்டும். அது கரண்டில்தான் ஓடும்.

புயல் வருகிறதென்று ரேடியோவில் சொன்னதும் திருவொற்றியூரில் எங்கள் தெருவே மெழுகுவத்திக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஓடியது. நானும் ஓடினேன். குடங்களில் தண்ணீர் பிடித்தேன். தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிக்குள் புதைத்தேன். கடைசியில் அந்த மிஷின் கண்ணில் பட்டது. அதற்கு எதைச் சேர்த்துவைப்பது?

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, கரண்ட் போச்சின்னா அவர இங்க இட்டுகினு வரட்டா?"

"இன்னாம்மா கேள்வி இது? இட்டுகினு வா. நான் கடையிலதான் இருப்பேன்."

மறுநாள் மதியம் சோறு வடிக்கும்போது கரண்ட் போனது. அரை மணி நேரத்தில் அவருக்கு இழுக்கத் தொடங்கியது. உதடு கறுத்தது. பக்கத்து வீட்டு மீன்காரம்மா மீன் கூடை ஏற்றும் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்தாள். அவரை அதில் உட்காரவைத்து, முழங்கால் தண்ணீரில் இருவரும் தள்ளினோம். மிஷின் என் இடுப்பில்.

கடை பூட்டியிருந்தது.

ஷட்டரைத் தட்டினேன், கத்தினேன். யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் மார்பளவு தண்ணீர். அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"வுடு... வூட்டுக்குப் போயிடலாம்."

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னாத்துக்குடி நிக்கிற? ஒடை!" என்று மீன்காரம்மா கத்தினாள்.

அதுவரை அடுத்தவர் பொருளை நான் தொட்டதில்லை. கடைப் படியோரம் கிடந்த கல்லை எடுத்துப் பூட்டில் அடித்தேன். கல் நழுவிக் கையில் ரத்தம். மறுபடி அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. பூட்டு தெறித்தது.

படி உயரம் என்பதால் உள்ளே தண்ணீர் ஏறவில்லை; இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. மிஷினைச் சொருகினேன். அது உறுமியது. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் திரும்ப நெடுநேரம் ஆனது.

சாயங்காலம் கடைக்காரர் தொப்பலாக நனைந்து வந்தார்.

"பூட்ட ஒடச்சிட்டேண்ணே," என்று கைகூப்பினேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இருப்பேன்னு சொல்லிட்டுப் பூட்டிகினு போய்ட்டேனேம்மா. என் வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சி. புள்ளைங்கள மாடியில ஏத்தப் போனேன்." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து, பேட்டரி தாங்கட்டும் என்று கடையின் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தார்.

அன்றிரவு கடையிலேயே தங்கினோம். இரண்டாம் நாள் பேட்டரி தீர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. அதே வண்டியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு நிலக்கரி இறக்கப் போகவில்லை.